முந்நூறாவது சொல்

அது ஒரு அடி நீளமுள்ள ஸ்டீல் ஸ்கேல். ஷெஃப் அதை மேசையின் வலது பக்கத்தில், காபிக் கோப்பைக்கும் பென்சில் டப்பாவுக்கும் நடுவே எப்போதும் நேராக வைத்திருப்பார். நாங்கள் எழுதும் பதிவை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டரே சொற்களை எண்ணிச் சொல்லிவிடும் என்றாலும் அவருக்குப் பென்சிலால் எண்ணுவதுதான் பிடிக்கும். உதடு அசையாமல் எண்ணிக்கொண்டே வருவார். முந்நூறாவது சொல் வந்ததும் அதன் அடியில் ஸ்கேலை அழுத்தி வைத்து, தாளின் கீழ்ப்பகுதியை ஒரே இழுப்பில் கிழித்து எங்களிடம் நீட்டுவார். மேல்பகுதி இணையத்துக்குப் போகும். கீழ்ப்பகுதியை நாங்கள் கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். அந்த இழுப்பின் சத்தம் எனக்கு இன்றைக்கும் துல்லியமாக நினைவிருக்கிறது. துணிக்கடையில் துணி கிழிப்பதுபோல இருக்கும். ஆனால் அதைவிடச் சின்னது, அதைவிடத் திருப்தியானது.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி அது. தமிழில் வலைப்பதிவு எழுதுவது புதுசாக இருந்த காலம். எழுத்துரு சரியாக வராமல் பாதிப் பேர் திரையில் கட்டம் கட்டமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முத்தியால்பேட்டையில் ஒரு தையல் கடைக்கு மேலே இருந்த மாடியில், பிரான்ஸில் குடியேறிவிட்ட புதுச்சேரிக் குடும்பங்களுக்காக ஷெஃப் ஒரு இணையதளம் நடத்தினார். ஊர்ச் செய்தி, கோயில் திருவிழா, சர்ச் விழா, யார் வீட்டில் கல்யாணம், எந்தத் தெருவில் எந்த வீட்டை இடித்தார்கள், எல்லாம் அதில் வரும். அவரும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்தான். பாரீஸ் பக்கத்தில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு ஐம்பது வயதில் திரும்பி வந்தவர். ஷெஃப் என்றால் பிரெஞ்சில் தலைவர். புதிதாக வருகிறவர்கள் அவரைச் சமையல்காரர் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் திருத்த மாட்டார். நான் அங்கே தட்டச்சு செய்யத்தான் சேர்ந்தேன். ஆறு மாதத்தில் எழுதவும் ஆரம்பித்திருந்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வாசகர்களுக்கு அந்த வாரப் பதிவுகளின் சுட்டிகளை மின்னஞ்சலில் அனுப்புவதும் என் வேலை.

நீளம்தான் எங்கள் அலுவலகத்தின் ஓயாத பேச்சு. "அங்க அவன் வேலைக்கு மெட்ரோல போவான். ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவுல எவ்ளோ படிக்க முடியுமோ அவ்ளோதான் எழுதணும். அதுக்கு மேல எழுதுனா அது உனக்காக எழுதுறது" என்பார். அப்போது யாரும் மெட்ரோவில் உட்கார்ந்து வலைப்பதிவு படிக்க வழியில்லை என்பது அவருக்கும் தெரியும். அச்செடுத்துக்கொண்டு போவார்கள் என்பார். தளத்தின் அடியில் வருகையாளர்களை எண்ணும் கவுண்ட்டர் ஒன்று இருந்தது. காலையில் வந்ததும் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முதலில் அதைத்தான் பார்ப்பார். சின்னப் பதிவு போட்ட நாளில் எண்ணிக்கை ஏறியிருந்தால் "வொய்லா! பாத்தீங்களா!" என்று மேசையைத் தட்டுவார். ஏறாத நாளில் நேற்றைய பதிவின் நீளத்தைக் குறை சொல்வார்.

நியாயமாகச் சொன்னால் பல நேரம் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் நடக்கும் மீன் ஏலத்தைப் பற்றி நான் நீளமாக எழுதிய ஒரு பதிவை அவர் முந்நூறில் நிறுத்தியபோது அழுகை வந்தது. மறுநாள் படித்துப் பார்த்தால், ஏலம் கூவும் அந்த அம்மாவின் குரலோடு நின்றிருந்தது. கிழிபட்ட பகுதியில் நான் கடலைப் பற்றித் தத்துவம் பேசியிருந்தேன். அது போனதே நல்லது. அதற்குப் பிறகு அவர் கையை நம்பினேன். என் கோபத்தின் அளவைப் புரிந்துகொள்ள இந்த நம்பிக்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவரும் என்னை நம்பினார். ஒரு கார்த்திகை மாத மதியம் மழையில் மின்சாரம் போய், கம்ப்யூட்டர்கள் எல்லாம் அணைந்து கிடந்தபோது, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். ஆறடி உயரம். பெத்தாங் விளையாட்டில் இரும்புக் குண்டை எறிந்தால் எதிராளியின் குண்டு வாய்க்கால் வரைக்கும் ஓடுமாம். அவருக்குப் புற்றுநோய் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஷெஃப் இருந்த இடத்திலிருந்து பத்து நிமிட ரயில் தூரம். மூன்று வாரம் ஷெஃப் அவரைப் பார்க்கப் போகவே இல்லை. அடக்கத்துக்குத்தான் போனார். இதைச் சொல்லிவிட்டுச் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகுதான் மீதியைச் சொன்னார். வர வேண்டாம் என்று சொன்னதே அண்ணன்தான். "நீ பாத்த அண்ணனாவே நான் இருந்துட்டுப் போயிடுறன்டா" என்றாராம். அதனால் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஷெஃப் தொலைபேசியில் கூப்பிடுவார். அண்ணிதான் ரிசீவரை அண்ணனின் காதில் வைத்துப் பிடித்துக்கொள்வார். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் பேசுவார்கள். கடைசி நாட்களில் அண்ணனால் பேச முடியவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். ஷெஃப் பெத்தாங் ஆட்டங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார். இதைச் சொல்லி முடித்தபோது அவர் சாதம் காய்ந்திருந்தது.

என் அப்பாவின் கதை அதற்கு இரண்டு மாதம் கழித்து வந்தது. அப்பா மில் தொழிலாளி. அவருக்கு இருபத்தேழு வயதில், ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது கேட்டில் நடந்த சோதனையில் அவர் பையிலிருந்து இரண்டு கெஜம் மல் துணி எடுக்கப்பட்டது. அத்தனை பேர் பார்க்க மேலாளர் கேட்டார். அப்பா "நான்தான் எடுத்தேன்" என்றார். மூன்று மாதம் சஸ்பெண்ட் ஆனார். அதன் பிறகு மில் மூடுகிற வரைக்கும் அவருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். உண்மையில் துணியை எடுத்தவர் அவருடைய கூட்டாளி. வரிசையில் அப்பாவுக்குப் பின்னால் நின்றவர், சோதனையைப் பார்த்துப் பயந்து துணியை அப்பாவின் பையில் திணித்துவிட்டார். அப்பாவுக்கு அது தெரியும். கூட்டாளிக்கு முந்தின நாள்தான் குழந்தை பிறந்திருந்தது. துணி அந்தக் குழந்தையைச் சுற்றத்தான். அவர் தற்காலிகத் தொழிலாளி, பேர் சொன்னால் அன்றைக்கே வேலை போயிருக்கும். அப்பா நிரந்தரம். அதனால் தன் மேல் போட்டுக்கொண்டார். அந்தக் கூட்டாளி செத்துப்போன பிறகுதான் வீட்டில் எங்களிடமே சொன்னார்.

எழுதட்டுமா என்று கேட்டேன். அப்பா இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஷேவ் செய்துகொண்டே, கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்:

"முழுசா எழுதுறதா இருந்தா எழுது கண்ணு. பாதி வேணாம்."

ஆயிரத்துச் சொச்சம் சொற்கள் எழுதினேன். அதைவிடக் குறைத்தால் ஏதோ ஒன்று விட்டுப்போயிற்று. ஷெஃபிடம் கொடுக்கும்போது தனியாகச் சொன்னேன், இதை மட்டும் முழுதாகப் போட வேண்டும், அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று. "பாக்கறேன்மா" என்றார். அடுத்த இரண்டு நாள் கடலூரில் உறவினர் கல்யாணம். அம்மாவும் நானும் போனோம். முழங்கால் வலி என்று அப்பா வரவில்லை.

திரும்பி வந்து பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வழக்கமாக அந்த நேரத்தில் டீக்கடையில் இருப்பார். பக்கத்தில் நான்காக மடித்த தாள் ஒன்று கிடந்தது. பிரவுசிங் சென்டரில் யாரோ அச்செடுத்து டீக்கடைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தேன். தலைப்பு: 'என் அப்பா ஒரு திருடர்'. நான் வைத்த தலைப்பு அது இல்லை. அதன் கீழே என் பெயர். அதன் கீழே முந்நூறு சொற்கள். முந்நூறாவது சொல், "நான்தான் எடுத்தேன்" என்று அப்பா சொன்னதில் இருந்த அந்த 'எடுத்தேன்'.

"நீ எழுதுனதா?" என்றார்.

"நான் எழுதுனதுதான்பா. ஆனா மீதி..."

"சரி" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. முப்பது வருஷமாக வெளியே யாரிடமும் விளக்கம் சொல்லாதவர் என்னிடமும் விளக்கம் கேட்கவில்லை. அந்த 'சரி'க்குப் பதிலாக என்னை அடித்திருக்கலாம்.

மறுநாள் ஷெஃப் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கை குலுக்கினார். கவுண்ட்டர் இதுவரை இல்லாத உயரத்துக்குப் போயிருந்தது. பின்னூட்டங்கள் பக்கம் பக்கமாக வந்திருந்தன. சிலர் என் தைரியத்தைப் பாராட்டியிருந்தார்கள். சிலர் இப்படிப்பட்ட அப்பனைப் பற்றி எழுத வெட்கமாக இல்லையா என்று கேட்டிருந்தார்கள். ஒருவர் அந்தப் பட்டப்பெயரையே எழுதியிருந்தார்.

"முழுசாப் போடச் சொன்னேனே ஷெஃப்" என்றேன்.

"அந்த இடத்துல நின்னாத்தான்மா அடி விழுது. அதுக்கு மேல நீ விளக்கம் சொல்லிக்கினு போற. விளக்கத்தை எவன் படிப்பான்?"

"அந்த விளக்கந்தான் எங்கப்பா."

"வேணும்னா அடுத்த மாசம் ரெண்டாவது பகுதியாப் போடலாம். இப்ப இது ஓடுது, ஓடட்டும்."

ஓடியது. பதினோரு நாள் அது தளத்தின் முகப்பிலேயே இருந்தது. அந்தப் பதினோரு நாளும் அப்பா டீக்கடைக்குப் போகவில்லை. கோயிலுக்குப் போகவில்லை. முடி வெட்டிக்கொள்ளக்கூட வெளியே போகவில்லை.

நான் வேலையை விடவில்லை. விட்டிருந்தால் ஷெஃபுக்கு வேறொரு தட்டச்சுக்காரி கிடைத்திருப்பாள். எனக்கு அந்த ஷெஃப் கிடைத்திருக்க மாட்டார். தினமும் சரியான நேரத்துக்குப் போனேன். அவர் கொடுத்ததைத் தட்டச்சு செய்தேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன். சமாதானமாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். வீட்டில் என் சொந்த வலைப்பதிவுக்காக ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்போ பின்போ எந்த எழுத்தையும் அவ்வளவு கவனமாக எழுதியதில்லை. மழை மதியத்தில் அவர் சொன்ன அண்ணன் கதையை, அவர் சொன்ன வரிசையிலேயே முழுதாக எழுதினேன். ஒரு பொய்கூட இல்லை. ராணுவம், ஆறடி உயரம், பெத்தாங், ஆஸ்பத்திரி, பத்து நிமிட ரயில், போகாத மூன்று வாரம், அடக்கம். பிறகு தொலைபேசி. எழுதி முடித்து, பென்சிலை எடுத்து எண்ணினேன். அடக்கத்துக்கு அவர் வந்து நின்ற இடத்தில் முந்நூறாவது சொல் விழும்படி முன்பகுதியில் அங்கங்கே ஒரு சொல்லைச் சேர்த்தேன், ஒரு சொல்லை எடுத்தேன். இரண்டு வாரம் பிடித்தது.

அவர் பெயரை எழுதவில்லை. எங்கள் ஷெஃப் என்று மட்டும் எழுதினேன். அதுவே போதும். அங்கே இருந்த குடும்பங்கள் எல்லாம் ஒன்றையொன்று அறிந்தவை. வெள்ளிக்கிழமை மின்னஞ்சலில் எல்லாச் சுட்டிகளுக்கும் மேலே என் பதிவின் சுட்டியை வைத்து அனுப்பினேன். அனுப்புகிற பொத்தானை யோசிக்காமல் அழுத்தினேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. நடந்தது அதுதான்.

திங்கட்கிழமை காலையில் அவர் கவுண்ட்டரைப் பார்க்கவில்லை. அச்செடுத்த தாளோடு நேராக என் மேசைக்கு வந்தார். சவரம் செய்திருக்கவில்லை.

"மீதி எங்க?"

"எந்த மீதி ஷெஃப்?"

"அவன்தான என்னை வராதன்னு சொன்னான்? தினம் ஆறு மணிக்கு நான் போன் பண்ணுனது? எல்லாம் உன்கிட்ட சொன்னேனே!"

"சொன்னீங்க. எழுதியும் வெச்சிருக்கேன். முந்நூறுக்கு மேல போயிடுச்சு. கிழிச்சிட்டேன்."

அவர் முகத்தில் அது போய்ச் சேர்ந்த நொடியை நான் பார்த்தேன். முதலில் கோபம் வந்தது, பிறகு அது எங்கேயோ போய்விட்டது. எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எங்கண்ணி படிப்பாங்கம்மா."

"எங்கப்பாவும் படிச்சார் ஷெஃப்."

அவர் எழுந்து போய்த் தன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அப்பாவைப் பற்றிய என் பதிவை ஆயிரத்துச் சொச்சம் சொல்லோடு, நான் வைத்த தலைப்போடு, முகப்பில் ஏற்றினார். அந்தத் தளத்தில் முந்நூறைத் தாண்டி வந்த முதல் பதிவு அது. ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"இப்ப போடுறியா?"

"போடுறேன். பதினோரு நாள் போவட்டும்."

அந்தப் பதினோரு நாட்கள்தான் இதில் எனக்கே சொந்தமான பகுதி. மற்றதெல்லாம் அவர் செய்ததற்குப் பதில் என்று சொல்லிக்கொள்ளலாம். பின்னூட்டங்கள் வர வர ஒவ்வொன்றாகப் படித்தேன். சொந்த அண்ணனையே எட்டிப் பார்க்காதவர் நமக்கு ஊர்ப்பாசம் சொல்லித்தருகிறாரா என்று ஒருவர் கேட்டிருந்தார். தளத்துக்கு விளம்பரம் கொடுத்துவந்த ஒரு சங்கம் விலகிக்கொள்வதாக எழுதியிருந்தது. எதையும் நான் அழிக்கவில்லை. ஒவ்வொன்றும் இனித்தது. ஷெஃப் தினமும் வந்தார், தன் நாற்காலியில் உட்கார்ந்தார், என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ அப்பா கேட்டார், உங்க ஆபீஸ்காரரைப் பத்தி நீ என்னவோ எழுதினதாகச் சொல்கிறார்களே, படித்துக்காட்டு என்று. அவருக்காகத்தானே செய்தேன், சந்தோஷப்படுவார் என்று படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறக்கவில்லை.

"அப்புறம்?"

"அவ்ளோதான்பா."

"இன்னா அவ்ளோதான்? கூடப் பொறந்தவன் பத்து நிமிஷ தூரத்துல கெடக்கறான், மூணு வாரம் ஒருத்தன் போவலன்னா சும்மாவா இருக்கும்? ஏதோ இருக்கும் கண்ணு. அதக் கேக்கலியா நீ?"

அவ்வளவு பேர் படித்தார்கள், அவ்வளவு பேர் பின்னூட்டம் போட்டார்கள். அப்புறம் என்ன என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். எனக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை. கேட்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அப்போதும் மீதியைப் போடவில்லை. இன்னும் இரண்டு மூன்று நாள் பாக்கி இருந்தது. அதை முழுதாக முடித்துவிட்டுத்தான் போட்டேன்.

போட்ட பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. தொலைபேசி, அண்ணி பிடித்த ரிசீவர், மூச்சுச் சத்தம் எல்லாம் இருந்த அந்த இரண்டாம் பகுதியைத் தேடிக்கொண்டு அதிகம் பேர் வரவில்லை. வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அப்பாவின் முழுப் பதிவுக்கும் அதே கதிதான். பாதியைப் படித்துத் தீர்ப்புச் சொன்னவர்கள் தீர்ப்போடு போய்விட்டார்கள். நீளமான பதிவை வாசகர் படிப்பாரா மாட்டாரா என்று நானும் ஷெஃபும் சண்டை போட்டது ஒரு பக்கம். கிழித்ததை ஒட்ட முடியாது என்பது இருவருக்குமே அப்போதுதான் தெரிந்தது. கவுண்ட்டர் எங்களுக்கு அதைச் சொல்லியதில்லை. வந்தவர்களைத்தான் அது எண்ணியது. தப்பாகத் தெரிந்துகொண்டு போனவர்களை எண்ண அதற்கு வழியில்லை.

சில மாதத்தில் தளம் மூடப்பட்டது. ஷெஃப் திரும்பவும் பிரான்ஸுக்குப் போனார். கடைசி நாளில் என் மேசைப் பக்கம் வந்து, "ரெண்டாவது பகுதி நல்லா எழுதியிருந்த. அதுல ஒரு வார்த்தை எடுக்க முடியாது" என்றார். பாராட்டா, பழியா என்று இன்றுவரை முடிவுசெய்ய முடியவில்லை. மன்னிப்புக் கேட்கிறார் போலிருந்தது. நான் கேட்கவில்லை. அப்பா திரும்ப டீக்கடைக்குப் போக ஆரம்பித்தார், ஆனால் வேறு டீக்கடை, லாஸ்பேட்டைப் பக்கம் தள்ளி இருந்தது. அவ்வளவு தூரம் அந்த முழங்காலோடு நடந்து போவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஷெஃப் மேல் எனக்குக் கோபம் புதுசாக வரும். அப்பா இறந்து சில வருஷம் ஆகிறது. கோபம் இன்னும் இருக்கிறது. அதை ஆற்றிக்கொள்ள நான் முயற்சி செய்ததும் இல்லை.

இப்போது இணையத்தில் எழுத வருகிற இளம் பெண்களுக்கு நான் பாடம் எடுக்கிறேன். எத்தனை சொல் எழுதினால் படிப்பார்கள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எந்த எண்ணையும் நான் சொல்வதில்லை. எந்த இடத்தில் நிறுத்தினால் பொய்யாகிறதோ அதைத் தாண்டி நிறுத்துங்கள் என்கிறேன். எழுதிக்கொள்கிறார்கள்.

போன வருஷம் என் பழைய வலைப்பதிவுக்கு ஒரு பின்னூட்டம் வந்ததாக மின்னஞ்சல் வந்தது. அந்த வலைப்பதிவின் கடவுச்சொல்லே எனக்கு மறந்திருந்தது. ஷெஃபைப் பற்றிய முதல் பகுதியின் அடியில், பெயர் போடாமல், எழுத்துப் பிழைகளோடு யாரோ எழுதியிருந்தார்கள்:

"இந்த பதிவை என் பேத்தி இப்பத்தான் காட்டினாள். என் கொழுந்தனார் தினமும் ஆறு மணிக்கு போன் செய்வார். போனை பிடித்து கொண்டு நின்றது நான்தான். என் கை வலிக்கும், ஆனால் எடுக்க மாட்டேன். அவரும் போன வருஷம் காலமாகி விட்டார். இது தெரியாமல் ஏன் எழுதினீர்கள்?"

பலமுறை படித்தேன். பழிவாங்கியபோது இவரை நான் நினைக்கவே இல்லை. "எங்கண்ணி படிப்பாங்கம்மா" என்று அவர் சொன்னபோதுகூட, அதை அவருடைய வலியாகத்தான் கேட்டேன், இன்னொருத்தியுடையதாக அல்ல. இரண்டாம் பகுதியின் சுட்டியைக் கொடுத்து, நான் எழுதியிருக்கிறேன் பாருங்கள் என்று சொல்லிவிடலாம். அப்படித்தான் முதலில் தட்டச்சு செய்தேன். பிறகு அதை அழித்தேன். அப்பாவின் கதையிலிருந்து ஆரம்பித்து நீளமாக ஒரு பதில் எழுதினேன். அதையும் அழித்தேன். கடைசியில் இவ்வளவுதான் அனுப்பினேன்:

"தெரியும் அம்மா. தெரிந்துதான் எழுதினேன்."

பதில் வரவில்லை.